பாக்கலாம் டாக்டர்

யாராவது நம்மிடம் "பாக்கலாம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கைமாற்று கேட்டாலும் சரி, வேலை கேட்டாலும் சரி, பெண் கேட்டாலும் சரி, "பாக்கலாம்" என்றால் நடக்காது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனம் வராதவர்கள் சொல்கிற வார்த்தை அது. என் சித்திக்கு மட்டும் இந்த அர்த்தம் தெரியாது. அவள் "பாக்கலாம்" என்றால் போய்ப் பார்த்துவிடுவாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கால்நடை மருத்துவம் படித்தவள். ஆனால் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இறக்குமதி அலுவலகத்தில் வேலை. பக்கத்து நாடுகளிலிருந்து ஆடோ மாடோ கறியோ இங்கே வர வேண்டுமானால், அது கிளம்புகிற பகுதியில் நோய் இருக்கிறதா, இல்லை என்று அவர்கள் சொன்னால் அதை நம்பலாமா என்று பார்த்து எழுத வேண்டும். அதுதான் அவள் பிழைப்பு.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வியாபாரி பால் ஆடுகள் இறக்குமதி செய்ய அனுமதி கேட்டு வந்திருக்கிறார். சித்தி விவரம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு "பாக்கலாம்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டபடி வீட்டுக்குப் போய், ஆடு வளர்க்கிற எண்ணத்தையே கைவிட்டு, ஒரு பழைய லாரி வாங்கிவிட்டார். கொஞ்ச நாளில் அவர் கைக்கு அனுமதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு சித்தியின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நீங்க பாக்கலாம்னுதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா. பாத்தேன்."

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் பாக்கலாம் டாக்டர். வியாபாரிகள் வாசல்படியிலேயே புதியவர்களுக்கு எச்சரிக்கை செய்து அனுப்புவார்கள்: அந்த அம்மா பாக்கலாம்னா ஓடிடாதே, உக்காரு.

அவள் அறை இரண்டாவது மாடியில். சுவரில் ஒரு பெரிய வரைபடம், ஜன்னல் ஓரம் தண்ணீர் ஜாடி, மேஜைக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். வெளிநாட்டுப் பண்ணைகளைப் பார்க்கப் போகும்போது அதைப் போட்டுக்கொண்டு போவாள். வரும்போது அங்கேயே விட்டுவிட்டு, செருப்போடு வருவாள். குளம்பில் ஒட்டுகிற நோய் பூட்ஸிலும் ஒட்டும் என்பாள். ஊருக்குப் போய்ச் செருப்பை மட்டும் மிச்சம் பிடித்து வருகிற ஒரே அதிகாரி இவள்தான் என்று அப்பா கிண்டல் செய்வார்.

அப்பாவுக்குக் கறிக்கடை. கடைத்தெருவின் நடுவில், வெள்ளை ஓடு பதித்த சுவரும், மேலே வரிசையாகக் கொக்கிகளும், புளியமரக் கட்டையும் உள்ள கடை. எங்கள் பக்கத்தில் ஆடுகள் குறைவு. பெரும்பாலும் பக்கத்து நாட்டிலிருந்துதான் லாரியில் செம்மறிகள் வரும். அந்த நாட்டில் கோமாரி வந்தது. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீயாய்ப் பரவுகிற நோய். மொத்த நாட்டுக்கும் தடை போட்டுவிட்டார்கள். அப்பாவின் கொக்கிகள் காலியாகத் தொங்கின. கடைக்கு உதவிக்கு இருந்தவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். கட்டிட வாடகைக்கு அம்மாவின் வளையல் போயிற்று. தடை இன்னும் நீடித்தால் கடையையே விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச ஆரம்பித்தார்கள்.

அப்போது அந்த நாட்டின் தெற்குப் பகுதியிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. அவர்கள் எழுதியிருந்தது இது: எங்கள் நாட்டை ஒரு ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. நோய் ஆற்றுக்கு வடக்கே. தெற்கே இல்லை. எங்களைத் தனியாகப் பாருங்கள். வடக்கு செய்த பாவத்துக்குத் தெற்கு ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

கேள்வி நியாயமானது. அதைப் பார்க்கும் வேலை சித்திக்கு வந்தது. தன் அக்கா வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். இந்த ஊரில் கறிக்கடைக்காரனுக்குச் சொந்தம் இல்லாதவனை நான் எங்கே போய்த் தேடுவேன், நீயே போ என்று அவர் சொல்லிவிட்டார்.

கிளம்புகிற அன்று அப்பா வாசலில் வந்து நின்றார்.

"நல்லபடியா பாத்துட்டு வாம்மா."

"பாக்கறேன் அத்தான்."

அவர் 'நல்லபடியா' என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார். அவள் 'பாக்கறேன்' என்ற வார்த்தையை.

அங்கே நடந்ததைச் சித்தி பிறகு அம்மாவிடம் சொன்னாள். தெற்குப் பகுதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாலத்தில் காவல், லாரிச் சக்கரங்களுக்கு மருந்துத் தண்ணீர், ஆய்வுக்கூடத்தில் ரத்த மாதிரிகள் வரிசையாக அடுக்கிய குளிர்பெட்டி. கூடவே வந்த அந்த ஊர்க் கால்நடை டாக்டர் ஒன்றையும் மறைக்கிறவராகத் தெரியவில்லை. கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினார். ஆடுகளுக்குக் காதில் பிளாஸ்டிக் வில்லை குத்தியிருந்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே என்றால் வலது காது, வடக்கே என்றால் இடது காது. எந்த ஆடு எந்தப் பக்கத்து ஆடு என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு என்று சித்தியே பாராட்டினாள்.

கடைசி நாள் ஆற்றங்கரை ஓரமாக ஒரு வீட்டில் நிறுத்தினார்கள். அந்த வீட்டு அம்மாள் மோர் கொடுத்தாள். பட்டியில் ஆடுகள் படுத்திருந்தன. சித்தி மோரைக் குடித்துக்கொண்டே பார்த்தாள். ஒரு பெட்டை ஆட்டுக்கு வலது காதில் புது வில்லை இருந்தது. இடது காதில் வில்லை இல்லை. ஆனால் ஆறிப்போன ஒரு ஓட்டை இருந்தது.

வெளியிலிருந்து ஆடு ஏதாவது வந்ததா என்று கூட வந்த டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வெளி ஆடு எதையும் நாங்கள் சேர்ப்பதில்லை என்று அந்த அம்மாள் சொன்னாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. சித்தி ஆட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டும் பொண்ணுங்க. கட்டிக் குடுத்தாச்சு."

"எங்க குடுத்திருக்கீங்க?"

"சின்னவளை இங்கதான். பெரியவளை அதோ, எதிர்க்கரையில." அந்த அம்மாள் மோர்ச் செம்பைப் பிடித்த கையாலேயே ஆற்றைக் காட்டினாள். "பாவம், அங்க புல்லு காய்ஞ்சுபோச்சு. அவ ஆட்டையும் நான்தான் மேய்க்கறேன்."

வடக்கேயிருந்து வந்த ஆடுகள். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கின்றன. ஆனால் அந்த அம்மாளுக்கு அவை வெளி ஆடு இல்லை. மகள் வீட்டு ஆடு எப்படி வெளி ஆடாகும்? கணக்கெடுக்க வந்தவர்களும் பட்டியில் நின்ற ஆடுகளுக்கெல்லாம் வலது காதில் வில்லை குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மகளின் மற்ற ஆடுகளுக்கு வடக்கே வில்லை குத்தவே இல்லை போலும்; இந்த ஒன்றின் இடது காது வில்லை முள்ளில் மாட்டிக் கழன்று போயிருக்க வேண்டும்.

கூட வந்த டாக்டருக்கும் அது புரிந்துவிட்டது. வண்டியில் ஏறியதும் கேட்டார்.

"இதை எழுதுவீங்களா மேடம்?"

"எழுதணும் சார். வீட்டுப் பேர் வேண்டாம். கரையோரம் முழுக்கச் சொந்தம் இருக்கும். ஒரு வீடா இருக்காது."

அன்று மாலையே இருவரும் கரையோர வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு வீட்டிலும் பெண்ணை எங்கே கொடுத்தீர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று விசாரித்தார்கள். கல்யாணத் தரகர்கள் வந்துவிட்டார்கள் என்று ஒரு கிழவர் சிரித்தாராம். பாலத்தில் காவல் இருந்தது. உறவுக்குக் காவல் இல்லை. உறவு போகிற வழியில் ஆடும் போய் வந்துகொண்டிருந்தது.

சித்தி எழுதியது இதுதான்: தெற்குப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் நம்ப முடியாது. கரையோரப் பட்டிகளில் எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். அதன் பிறகு முடிவு.

ஞாயிற்றுக்கிழமை, காலில் செருப்போடு, சித்தி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேராகச் சொன்னாள். வேறு யாரோ சொல்லி அவர் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

"கோமாரி மனுசனுக்கு வராது. அந்தக் கறியைத் தின்னா ஒண்ணும் ஆகாது. நீயே சொல்லியிருக்க."

"ஆமா அத்தான். தின்னறவங்களுக்கு ஒண்ணும் இல்லை. மிச்ச எலும்பைத் தூக்கித் தெருவுல போடுவோம். அதை ஒரு பன்னி தின்னு, அதுக்கு வந்துச்சுன்னா போதும். இங்க இருக்கற நாலு ஆடும் போயிடும்."

"ஒரு ஆட்டுக் காதுல ஓட்டை. அதுக்கு என் கடையைச் சாத்தணும்."

"காதும் காதும் வச்ச மாதிரி நடந்திருக்கு அத்தான். ரெண்டு காதையும் பாத்தவ நான். பாக்கலைன்னு எப்படிச் சொல்ல?"

வேறு சமயமாக இருந்தால் அப்பா இதற்குச் சிரித்திருப்பார். அன்று எழுந்து கைகழுவப் போய்விட்டார். அவர் கை சுத்தமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அப்பா கடையில் பாதியைச் சாவி செய்கிறவருக்கு விட்டார். மீதிப் பாதியில் முட்டை விற்றார். ஆடு உரித்த கைக்கு முட்டை பிடிபடவில்லை. எடுக்கும்போது ஒன்று, கொடுக்கும்போது ஒன்று என்று உடைந்தது. வீட்டில் தினமும் முட்டைதான். சாவிக்காரர், அண்ணே உங்களுக்குப் பூட்டுத் தொழில்தான் சரி, அது கீழே விழுந்தாலும் உடையாது என்பார். அப்பா உடைந்த முட்டையைத் துடைத்துக்கொண்டிருப்பார். சித்தி வந்தால் மட்டும் அவருக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

முதல் சுற்று ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. அந்த அம்மாளின் மகள் வீட்டு ஆடுகளுக்கும் இல்லை. ஆற்றில் காவல் போட்டு, கரையோரத்தில் வில்லைகளைச் சரிபார்த்து, அவர்களும் சொன்னதையெல்லாம் செய்திருந்தார்கள். சித்தி அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல செய்தி கொண்டுவந்தவள் போல இல்லை.

"ஒரு ஆட்டுக்காவது வந்திருந்தா அத்தானுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்னு ஒரு நிமிசம் தோணிச்சுக்கா. என்ன புத்தி பாரு. நோய் வரக் கூடாதுன்னு சம்பளம் வாங்கறவ."

அம்மா ஒரு பழுத்த இலையை எடுத்து வெளியே போட்டாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்தார்.

"அப்ப கடைசியில ஒண்ணும் இல்லை."

"இல்லை அத்தான்."

"அன்னைக்கும் இல்லை. இன்னைக்கும் இல்லை. நடுவுல என் கடைதான் போச்சு."

சித்தி கீரையைக் கீழே வைத்தாள்.

"போச்சுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு நோய் இல்லைன்னு நினைச்சோம். இன்னைக்கு இல்லைன்னு தெரியும்."

அப்பா பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, காபி இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டார். சித்தி இருக்கும்போது அவர் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்து வெகு நாள் ஆகியிருந்தது.

சாவிக்காரர் தன் பாதியைக் காலி செய்ய மறுத்துவிட்டார். அவருக்கு வியாபாரம் பிடித்துவிட்டது. எனவே அப்பாவின் கறிக்கடை இப்போது பாதிக் கடைதான். கொக்கிகளிலும் பாதிதான் இருக்கின்றன. மீதியில் சாவிக்கொத்துகள் தொங்குகின்றன.

செம்மறிகள் வந்த முதல் ஞாயிறு, கடை வாசலில் கூட்டம். சித்தியும் வரிசையில் நின்றாள். கூடையோடு நின்ற ஒரு பெரியவர், அந்த நாட்டு ஆடுதானே, நோய் ஏதும் இருக்கப் போகிறது என்று கேட்டார். அப்பா வெட்டுவதை நிறுத்தவில்லை.

"பாத்தாச்சுங்க" என்றார். பொட்டலத்தைக் கொடுக்கும்போது, "எலும்பைக் குழி தோண்டிப் புதைச்சிடுங்க. தெருவுல போடாதீங்க" என்றார். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர், இது என்ன புதுச் சட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சித்தியின் முறை வந்தது. கேட்ட கறியைக் கேட்ட அளவுக்கு நிறுத்தார்.

"கொஞ்சம் ஈரல் போடுங்க அத்தான்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஈரல் தட்டு கிட்டத்தட்டக் காலி. பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"பாக்கலாம்" என்றார்.

சித்தி சிரித்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கிப் போனாள். எல்லோரும் சொல்கிற பாக்கலாம்தான் என்று நினைத்திருப்பாள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தபோது கறிக்கு அடியில், தனியாக ஒரு இலையில் சுற்றி, ஈரல் இருந்தது.