காலாண்டு விடுமுறையில் அம்மா

எனக்குப் பதினொரு வயதானபோது, எழுபதுகளின் கடைசியில், காலாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானல் போவதாக இருந்தது. அப்பாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. நானும் தங்கையும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், மகள் வீட்டுக்குப் பத்து நாள் போவதால், ஸ்ரீரங்கத்திலிருந்த தன் வீட்டில் எங்களைத் தங்கிக்கொள்ளச் சொன்னார். நாங்கள் குடியிருந்த காட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் ஸ்ரீரங்கம்.

"இதுக்குப் பேரு டூராப்பா?" என்றாள் தங்கை.

அப்பா அங்கிருந்தே ஆபீஸ் போய் வந்தார். அடுத்தவர் வீட்டு அடுப்படி என்பதால் அம்மா அதிகம் புழங்கவில்லை. காலை இட்லி கடையிலிருந்து வந்தது. ஒன்பது மணிக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அம்மாவை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போனோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வறண்ட புதுக்கோட்டைப் பக்கம் பிறந்த அப்பாவுக்கு ஆறு என்றால் பயம். எங்கள் இருவர் கையையும் இறுகப் பிடித்தபடி மேல்படியிலேயே நின்றுவிட்டார். அம்மா புடவையை வரிந்து செருகிக்கொண்டு இறங்கினாள். முங்கியவளைக் காணோம். அப்பாவின் பிடி வலித்தது. கொஞ்ச தூரம் தள்ளித் தலை எழும்பியது. அம்மா நிதானமாகக் கைவீசி நீந்தி வந்து படியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் அப்பா.

"குளித்தலையில எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஆறுதானேங்க. பத்து வயசுலயே அக்கரைக்குப் போயிட்டு வருவேன்."

"கல்யாணமாகிப் பதிமூணு வருஷமாச்சு. ஒரு வார்த்தை சொல்லலையே."

"குழாயடியில ஒரு குடம் தண்ணிக்கு நின்னுட்டு இருக்கேன். அங்க எங்க நீச்சலப் பத்திப் பேசுறது?"

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஆற்றுக்குப் போனோம். வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து அம்மா எங்களை மிதக்கவிட்டாள். நாலாம் நாள் அப்பா, "எனக்கும் சொல்லிக்குடேன்" என்று கூச்சத்தோடு இறங்கினார். படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதைத் தாண்டி அவருக்கு எதுவும் வரவில்லை. அதற்கே அம்மா அவரை மெச்சினாள்.

கொடைக்கானலை வேறொரு வருடம் பார்த்தோம். குளிரும் ஏரியும் நினைவிருக்கின்றன. ஆனால் குடும்பத்தோடு வெளியே போய்த் தங்குவதால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த ஸ்ரீரங்கத்து நாட்கள்தான் மனதில் வரும். வீட்டில் தினமும் பார்த்த அம்மாவை நாங்கள் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

ஸ்ரீரங்கத்தில் கடைசி நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது, சின்ன வயதில் என்னென்ன செய்தாய் என்று அப்பா கேட்டார். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். வீடு வந்த பிறகும் பேச்சு முடியவில்லை. நாங்கள் உள்ளே போகாமல் இன்னொரு தெரு சுற்றி நடந்தோம்.