எங்கள் வீட்டுக் கரி

யோலானா என் அண்ணன் கேய்ஸாவின் மனைவி. பெயரைச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் "எந்த யோலானா?" என்பார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதவள் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பனிமலைக்குக் கூட்டிப்போகச் சம்மதச் சீட்டு வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவாள். அப்போது சிறுமியாக இருந்த மகள் சபினா பஸ் போன திசையைப் பார்த்து அழுதுகொண்டு நிற்பாள். பதிவுத் தபால் வந்தால் கதவைச் சாத்திவிடுவாள். அவள் வீட்டு மின்சார மீட்டர் இன்றைக்கும் என் பெயரில்தான் ஓடுகிறது.

அவளைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களின் முகத்தில் வெந்நீரை ஊற்றலாம் போல எனக்கு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். ஏன் திறக்க மாட்டேன் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

யோலானாவை ஆறு வயதில் மூளை வளராத பிள்ளைகளின் பள்ளியில் சேர்த்தார்கள். அவள் மூளைக்கு ஒன்றும் குறைவில்லை. நாங்கள் ரோமா, ஸ்லோவாக்கியாவில் மற்றவர்கள் எங்களை ஜிப்ஸி என்பார்கள். வீட்டில் ரோமா மொழி பேசி வளர்ந்தவளிடம் ஸ்லோவாக் மொழியில் கேள்வி கேட்டார்கள், அவள் விழித்தாள், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளில் பாதி அங்கேதான் போனது. நான் எப்படியோ தப்பித்து நல்ல பள்ளியில் எட்டு வகுப்பு படித்தேன். அவள் அங்கே ஒன்பது வருஷம் வண்ணம் தீட்டினாள். உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று, தன் பெயரை எழுதுவது.

பத்தொன்பது வயதில் பிரசவத்துக்குப் போனாள். பிள்ளைப்பேறு என்றால் எங்களில் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போகும். உள்ளே விடமாட்டார்கள். எங்கள் பெண்களைத் தாழ்வாரத்தின் கோடியில் தனி அறையில் போட்டிருப்பார்கள். அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திப் பேசுவோம். அன்றைக்கும் பன்னிரண்டு பேர் நின்றோம். யோலானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்துப் போடச் சொல்றாங்க! என்ன பண்றது?"

"போட்டுத் தொலைங்க அண்ணி! போட்டாத்தான் சீக்கிரம் வீட்டுக்கு விடுவாங்க!"

கத்தியது நான். அந்தப் பேப்பரை நான் பார்க்கக்கூட இல்லை. குளிரில் கால் மரத்துப்போயிருந்தது, எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அவள் பெயரை எழுதினாள். வயிற்றைக் கிழித்து சபினாவை எடுத்தார்கள். கூடவே இனி பிள்ளையே பிறக்காதபடி குழாயையும் அறுத்துக் கட்டினார்கள். அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து, ஏன் இன்னொன்று தங்கவில்லை என்று வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. "நீயே கையெழுத்துப் போட்டிருக்கியே, இப்ப வந்து என்கிட்ட கேக்கற?" என்று அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாராம்.

அதற்குப் பிறகு அவள் பழைய யோலானா இல்லை. வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சபினாவுக்குத் தலை பின்னிவிடுகிற கை பாதியில் நின்றுவிடும். மாவட்டத் தலைநகரில் ஒரு நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கினால் எழுந்து சமைப்பாள், கொஞ்சம் சிரிக்கவும் செய்வாள். ஜன்னலுக்குக் கீழே இருந்து கத்தியது யார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வலியில், பன்னிரண்டு பேர் கூட்டத்தில், என் குரல் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று இருபத்தோரு வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

கொரோனா வந்தது. டவுனுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போய்த் திரும்பியவர்கள். எங்களில் ஒருத்தனிடமும் சறுக்குக் கட்டை கிடையாது. ஆனாலும் நாடா கட்டியது எங்களைச் சுற்றித்தான். தொள்ளாயிரம் பேரில் ஐந்து பேருக்கு இருக்கிறது என்றார்கள், அடுத்த நாள் காலையில் எங்கள் குடியிருப்புக்கு வரும் ஓடைப் பாலத்தில் போலீஸ், பின்னால் துப்பாக்கியோடு பட்டாளம். டவுனில் பதினொரு பேருக்கு இருந்தது. அவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து டாக்டர்களைப் பாராட்டிக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனும் சபினாவின் புருஷனும் செக் நாட்டில் கட்டட வேலையில் இருந்தார்கள். எல்லை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சபினா நிறைமாதம்.

வெள்ளை அங்கி போட்டவர்கள் வீடு வீடாக வந்து மூக்கில் குச்சி விட்டார்கள். கூடவே ஒருத்தி அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

"என்ன எழுதறா தெரியுமா?" என்றாள் யோலானா என் காதருகில். "எந்த வீட்ல யார் முழுகாம இருக்கான்னு. சபினா வயித்தப் பாத்துட்டு எழுதினா. நான் பாத்தேன்."

"உதவிக்குத்தான் இருக்கும் அண்ணி."

"எனக்கும் உதவிதான் பண்ணாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம்தான். லாரியில் வந்த ரொட்டியை முதல் நாள் யாருமே தொடவில்லை. முகக்கவசத்தில் மருந்து தடவியிருக்கிறது என்று ஒருத்தன் சொன்னான், எல்லோரும் கொதிக்கவைத்தோம், நானும்தான். ஆனால் யோலானா அதோடு நிற்கவில்லை. மாத்திரைகளை அடுப்பில் போட்டாள். "அதக் குடுத்தவனும் காஜோதான்" என்றாள். எங்களில் சேராத வெள்ளைக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஐந்து நாள் கண்ணை மூடவில்லை. நாற்காலியைப் பாலத்தைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

சபினா அழுதாள். "அத்தே, அம்மாவுக்குக் கண்ணு பட்டிருக்கு. கரித்தண்ணி வச்சுப் பாருங்க."

கண்ணேறுக்கு எங்களில் வைத்தியம் அதுதான். கிண்ணத்தில் தண்ணீர். பாதிக்கப்பட்டவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அடுப்பிலிருந்து மூன்று கனலும் கரியை எடுத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒன்று காஜோக்களுக்கு, ஒன்று குடியிருப்புக்கு, ஒன்று சொந்த வீட்டுக்கு. எது முங்குகிறதோ அங்கேயிருந்துதான் கண். அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டால் சரியாகும். எங்கள் வீட்டில் கரி போடுகிறவள் நான்தான்.

யோலானா சமர்த்தாகக் கண்ணை மூடினாள். காஜோ கரி சீறிவிட்டு மிதந்தது. குடியிருப்புக் கரியும் மிதந்தது. மூன்றாவதைப் போட்டேன், எங்கள் வீட்டுக் கரி. கல்லாக அடியில் போய் உட்கார்ந்தது.

எங்கள் வீட்டு மனிதர்களில் அப்போது ஊரில் இருந்தது, அவளையும் மகளையும் விட்டால் நான்தான்.

"எது முங்கிச்சு?" என்றாள் யோலானா, கண்ணைத் திறக்காமல்.

"காஜோ கரி" என்றேன்.

முகத்தைக் கழுவிவிட்டேன். கழுவக் கழுவ அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

இரண்டு நாள் கழித்து, பகல் பன்னிரண்டு மணி இருக்கும், அவள் வீட்டிலிருந்து சபினாவின் அலறல் கேட்டது. ஓடினேன். கதவு உள்ளே தாழ். ஜன்னலுக்குப் பலகை சாத்தியிருந்தது.

"அண்ணி! கதவத் திறங்க! வண்டியக் கூப்பிடணும்!"

"வண்டி வேணாம். இங்கயே பெத்துக்கட்டும்."

"காலைலருந்து வலிக்குது அத்தே!" சபினா உள்ளேயிருந்து கத்தினாள். "கொழந்த எறங்கவே இல்ல!"

"நீதான சொன்ன, காஜோ கரி முங்கிச்சுன்னு?" யோலானாவின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. "அவங்க கைல எம் பொண்ணக் குடுக்கமாட்டேன். போ."

கதவைக் குத்தினேன், உதைத்தேன். அசையவில்லை. நான் சொன்ன பொய்தான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சபினா மறுபடி அலறியபோது எனக்கு மானம், வெட்கம் எல்லாம் போய்விட்டது.

"அண்ணி, பொய் சொன்னேன்! முங்கினது நம்ம வீட்டுக் கரி. நான்தான் மாத்திச் சொன்னேன்."

கதவில் நெற்றியை வைத்து மறுபடி கத்தினேன்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில, ஜன்னலுக்குக் கீழ நின்னு கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்தான். நான் பாவி அண்ணி. திறங்க."

தாழ் விலகியது. தூங்காத கண்ணோடு, தலை கலைந்து நின்றாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"உன் குரல் எனக்குத் தெரியாதா எர்ஷா?" என்றாள். "நீயா வந்து சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன்." பிறகு வழியை விட்டு விலகினாள். "கூப்பிடு வண்டிய."

ஆம்புலன்ஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் வராது என்றார்கள். வலியோடு முந்நூறு அடி நடத்திக் கூட்டிப்போனோம். சபினாவை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். யோலானா நாடாவைத் தாண்டப் பார்த்தாள், போலீஸ்காரன் கையை நீட்டி மறித்தான்.

"உள்ள போம்மா. இங்க நிக்கக் கூடாது."

"நிப்பேன். சுடு."

அவன் பின்வாங்கினான். நாங்கள் பாலத்திலேயே நின்றோம். வண்டி கிளம்பும் முன்பு யோலானா மகளிடம் சொன்ன ஒரே வார்த்தை, "எதுலயும் கையெழுத்துப் போடாத."

அவளும் போடவில்லை. ஒரு மணி நேரத்தில் என் செல்போன் அடித்தது. ஒரு டாக்டர் பெண், இளம் குரல், மூச்சு வாங்கியது.

"குழந்தை குறுக்க கிடக்கும்மா. ஆபரேஷன் பண்ணணும். உங்க பொண்ணு பேனாவத் தொடமாட்டேங்கறா, அம்மா சொன்னாத்தான் போடுவாளாம். குழந்தைக்குத் துடிப்பு குறையுது. சொல்லுங்க."

நான் ஸ்பீக்கரில் போட்டேன். யோலானா ஃபோனை முறைத்தாள்.

"அந்தப் பேப்பர் எனக்கு வேணும்."

"அதுக்கெல்லாம் நேரம்..."

"படம் புடிச்சு அனுப்பு. இல்லன்னா போடமாட்டா."

படம் வந்தது. ஒரு பக்கம், நெருக்கமான எழுத்து. யோலானா என் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் வலித்தது.

"இந்தத் தடவ படிச்சுட்டுச் சொல்லு."

விரலால் எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பெயர், பிறந்த தேதி, மயக்க மருந்து, வயிற்றைத் திறப்பது, ரத்தம் ஏற்றுவது. "சீக்கிரம்" என்றது ஃபோன். கடைசி வரிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி. வாய் அங்கே வருவதற்குள் என் கண் அதில் போய்விட்டது: அறுவையின்போது தேவை என்று மருத்துவர் கருதும் மற்றச் சிகிச்சைகளுக்கும் சம்மதிக்கிறேன்.

ஒருவேளை எல்லாப் பேப்பரிலும் இருக்கிற வரிதான். ஒருவேளை இல்லை. இதைப் படித்தால் யோலானா மாட்டேன் என்பாள், குழந்தை போய்விடும். விட்டுவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை, எழுத்துக் கூட்டத் தெரியாதவள். என் வாய் அந்த வரியைத் தாண்டப் பார்த்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்துவிட்டேன்.

யோலானா ஃபோனைப் பிடுங்கினாள்.

"சபினா! கேக்குதா? கடேசிக்கு மேல பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. அது மேல கோடு போடு. நல்லா அழுத்திப் போடு, ரெண்டு கோடு. அப்புறம் பேர எழுது."

"அம்மா, இது அச்சடிச்ச படிவம், அப்படியெல்லாம் அடிக்கக்..." என்றாள் டாக்டர்.

"அடிச்சா கையெழுத்து. இல்லன்னா இல்ல. உனக்குப் பிள்ள இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "சரி. அடிங்க. நானும் பக்கத்துல கையெழுத்துப் போடறேன். பேனாவக் குடுங்க அவகிட்ட."

பெண் குழந்தை. தமாரா என்று பெயர் வைத்தோம். எட்டாம் நாள் வண்டி பாலத்தில் கொண்டுவந்து இறக்கியது. யோலானா பேத்தியைப் பார்க்கவே இல்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, வீட்டுக்குள் மகளை நிறுத்திச் சட்டையைத் தூக்கி வயிற்றுக் கட்டைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் பண்ணலம்மா. டாக்டரம்மா ரெண்டு தடவ சொன்னாங்க" என்றாள் சபினா.

"எங்கிட்டயும் பிள்ளய எடுத்தோம், அவ்ளோதான்னுதான் சொன்னாங்க."

தழும்பு வெளியே ஒரு மாதிரிதான் இருக்கும். உள்ளே என்ன செய்தார்கள் என்பது அடுத்த பிள்ளை வந்தால் தெரியும், வராவிட்டாலும் தெரியும். நாடாவை அவிழ்த்தார்கள், பட்டாளம் போனது, அண்ணன் வந்தான். யோலானா மறுபடி மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள், ஒவ்வொரு அட்டையையும் என்னைப் படிக்கவைத்த பிறகு. என்னோடு பேசுவாள், காப்பி கொடுப்பாள். ஆனால் நான் மகளைத் தொட்டுப் பேசினால் அவள் கண் என் கையின் மேலேயே இருக்கும். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

இரண்டு வருஷம் போனது. போன வசந்தத்தில் ஒரு காலை, சபினா என் அடுப்படியில் காப்பி வாசனை பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். யோலானா வாசலில் நின்று பார்த்தாள். மகள் குனிந்து வாந்தி எடுப்பதை முழுக்கப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, போட்டிருந்த மேலங்கியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். இருபது வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன்.

அழுது முடித்து எழுந்தவள் என் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"உக்காரு எர்ஷா. கண்ண மூடு."

"எனக்கெதுக்கு அண்ணி?"

"மூடுன்னா மூடு."

மூடினேன். அடுப்புக் கதவு திறக்கிற சத்தம். ஒரு சீறல், காஜோக்களுக்கு. இன்னொன்று, குடியிருப்புக்கு. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு மூன்றாவது.

"எது முங்கிச்சு அண்ணி?"

அவள் ஈரக் கை என் நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒருதரம் துடைத்தது.

"எதுவும் முங்கல. மூணும் மெதக்குது."

நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.