பதினாலாம் நாள்

வீடு கைவிட்டுப் போன பிறகு ஆர்லீனும் அவள் கணவர் வெண்டலும் மூன்று வருஷமாய் அமெரிக்காவின் ஐடஹோ காட்டிலேயே இருந்தார்கள். பிக்கப் வண்டியின் பின்புறம் படுக்கை, பக்கவாட்டில் ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான் குடித்தனம். அரசாங்கக் காட்டில் யாரும் சும்மா தங்கலாம். ஆனால் ஓர் இடத்தில் பதினாலு நாள்தான். அதற்குப் பிறகு முப்பது மைல் தள்ளிப் போய்விட வேண்டும். வந்த தேதியை நாமே ஓர் அட்டையில் எழுதி வண்டிக் கண்ணாடியில் வைப்பது அந்தக் காட்டின் வழக்கம்.

ஆர்லீன் ஒரு விதியும் தவறியதில்லை. ஓடையிலிருந்து எழுபது தப்படி எண்ணி நடந்துதான் தார்ப்பாய் கட்டுவாள். காலைக்கடனுக்கு ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுவாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கையைப் பையில் கட்டி எடுத்துக்கொள்வாள். நாங்கள் காட்டைக் கெடுக்கிற கூட்டமில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த கௌரவம்.

இந்த முறை வெண்டலுக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நர்ஸ் வந்து ஒரு வாரத்துக்கான வலி மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவாள். மாவட்ட எல்லைக்கு அப்பால் அவள் வரமாட்டாள். முப்பது மைல் போனால் எல்லை தாண்டிவிடும். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துகொண்டு, நர்ஸ் வர மூன்று வாரம் ஆகும் என்றுவிட்டார்கள்.

பதினாலாம் நாள், புதன்கிழமை காலை, வனக்காவலர் கோல்பி வந்தார்.

"இன்னையோட முடியுதுங்க, மேடம்."

"தெரியும் கோல்பி. காபி ஊத்தட்டுமா?"

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டிக்குள் வெண்டல் இருமுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு எங்க பெரிய ஆபீசர் சுத்திப் பாக்க வராரு. அட்டையில இருக்கற தேதியத்தான் பாப்பாரு. நீங்க வந்த தேதிய நான் எங்கயும் குறிச்சு வச்சுக்கல." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மரக்கட்டையின் மேல் வைத்தார். "ஓடைப் பக்கம் போய்ட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும்."

அவர் தலை மறைந்ததும் வெண்டல் குரல் கொடுத்தார்.

"கேட்டுச்சு. எழுது கிழவி. மூணாந்தேதிய எட்டாக்கு, வெள்ளிக்கிழமை மருந்து கைக்கு வந்துடும்."

"பொய்யாச்சே, வென். கர்த்தர் பாக்கறாரு."

"கர்த்தர் எப்ப வனத்துறையில வேலைக்குச் சேந்தாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையை எடுத்து மடியில் வைத்தாள். பேனா மூடியைத் திறந்தாள். மூன்று வருஷமாய் ஒவ்வொரு காவலரிடமும் தலை நிமிர்ந்து காட்டிய அட்டை அது. எட்டுப் போட வேண்டிய இடத்தில் பேனா முனையை வைத்தாள். கை நகரவில்லை.

"என்னால ஆகல, வென்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"அப்ப எனக்கு வலிச்சா உன் கர்த்தரையே மருந்து கொண்டாரச் சொல்லு."

கோல்பி திரும்பி வந்து அட்டையைப் பார்த்தார். பேனாவை எடுத்துச் சட்டையில் செருகிக்கொண்டார்.

"சரிங்க மேடம்" என்றார்.

அவர் போன பிறகு ஆர்லீன் இடத்தைக் காலி செய்தாள். அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. கற்களைப் பாசி படிந்த பக்கம் மேலே தெரிய, எடுத்த இடத்திலேயே வைத்தாள். நசுங்கிய புல்லை விரலால் நிமிர்த்தி, பைன் ஊசிகளைத் தூவினாள். கடைசியில், இங்கே ஒருவர் பதினாலு நாள் நோயில் கிடந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

கல் ரோட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டார். மருந்து இன்னும் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது. அவள் ஜெபம் செய்யப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை.

"மெதுவாவே போறேன், வென்."

"மெதுவாப் போனாலும் அதே முப்பது மைலுதான்" என்றார் அவர்.

அவள் கியரை மாற்றினாள்.