திங்கட்கிழமை காலை எட்டு மணி

1976ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து ஏப்ரல் வரை எங்கள் வீட்டுக் குசினியில் வைத்திருந்த சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியவில்லை. அந்த விளக்கை ஏற்றுபவர் அம்மா. இனி ஏற்றமாட்டேன் என்று சொன்னவரும் அம்மாதான். வெள்ளிக்கிழமைகளில் கூடிக் கும்பிடும் உங்களில் சிலர், ஏன் எங்களைக் காணவில்லை என்று அப்போது கேட்டீர்கள். சுகமில்லை என்று சொன்னோம். அது பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. முழுவதையும் இன்று எழுதுகிறேன். பலர் முன்னால் பேசும் பழக்கம் எனக்கில்லை. பல்கலைக்கழகத்தில் இலக்கிய வகுப்பிலும் கடைசி வரிசையில் இருப்பவள் நான். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் வாசித்துவிடுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து அப்போது இரண்டாவது வருடம். ஊரில் கணித ஆசிரியராக இருந்த அப்பா இங்கே ரயில்வேயில் எழுதுவினைஞர். ஸ்ட்ராத்ஃபீல்டில் வாடகை வீடு. என் தம்பி நேசன் முந்தின வருடக் கடைசியில்தான் பள்ளிக்கூடம் முடித்தான். அவன் டாக்டராக வருவான் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தோம். பரீட்சை முடிவு வந்தபோது அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்காது என்பது தெளிவாயிற்று. அப்பா இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை.

நேசன் அழவில்லை. லிட்கம் பக்கத்தில் இருந்த பட்டறைகளுக்கு நடந்து போய், ஒவ்வொரு வாசலிலும் அப்பிரண்டிஸாக, அதாவது சம்பளத்தோடு தொழில் பழகுபவனாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டான். நாட்டில் வேலை குறைந்திருந்த காலம் அது. தொழில் பழகுபவர்களைத் தை, மாசியில்தான் எடுப்பார்கள். வயது கூடினால் பிறகு பார்க்கவும் மாட்டார்கள். ஓர் இயந்திரப் பட்டறையில் அவனை மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தரம் பட்டறையின் மேற்பார்வையாளரான போர்மன், "சரி, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து கையெழுத்து வை" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த நேசனின் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"கைவேலையா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா. நாலு வருசம். பிறகு மெஷின் பூட்டிற ஃபிற்றர்."

"எங்கட பரம்பரையில ஒருத்தரும் பட்டறை ஓவரோல் போட்டதில்லை."

"அப்ப நான் முதல் ஆள்."

சனிக்கிழமை விரலுக்கு மேல் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து வாங்கி வந்தான். அதைப் பின்கதவடியில் வைத்துவிட்டு இரண்டு நாளும் அதைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாதான் பஞ்சாங்கத்தை எடுத்தார். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை தொடக்கம் ஒன்பது வரை. எட்டு மணி அதற்கு நடுவில் நின்றது.

"ஒன்பது கழிஞ்சு போ ராசா. வாழ்க்கைத் தொழில் தொடங்கிற நாள்."

"ஏழு மணிக்கே வெளிக்கிட்டு வாசலில போய் நிக்கிறன் அம்மா."

"நிண்டு என்ன? கையெழுத்து எட்டுக்குத்தானே. கருமம் தொடங்கிற நேரம்தான் கணக்கு."

அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "உம்மட பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு எழுதினது."

"ராகுவுக்கு ஊரென்ன, நாடென்ன?" என்றார் அம்மா. ஒரு மணித்தியாலம் பிந்தினால் யார் கேட்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் உண்மையில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு தாயின் மனத்தை நோகடித்துவிட்டு முதல் நாள் வேலைக்குப் போக நேசனுக்கு விருப்பமில்லை. வீட்டில் தொலைபேசி இல்லை. ஒன்பது மணிக்கு அம்மா திருநீறு பூசி, எலுமிச்சம்பழத்தை வாசலில் வைத்து மிதிக்கச் சொல்லி, அவனை அனுப்பினார்.

மதியத்துக்கு முன்பே திரும்பி வந்தான். எட்டரை வரை காத்திருந்த போர்மன், வேலை கேட்டு வாசலில் நின்ற இன்னொரு பையனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார். நேசன் சப்பாத்தைக் கழற்றிப் பின்கதவடியில் நேராக வைத்தான். கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. மற்றப் பட்டறைகளில் இடங்கள் நிரம்பிவிட்டன. முதல் இரண்டு வாரம் போய்க் கேட்டான்; பிறகு போகவில்லை. முகம் வழிக்கவில்லை, தாடி வளர்ந்தது. சாப்பாட்டைக் குசினியிலிருந்து நான் கொண்டுபோய் வைத்தால் பாதி திரும்பி வரும். சில நாள் முழுவதும் திரும்பி வரும். விருந்தினர் வந்தால் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டான். ஒருநாள் என்னிடம் சொன்னான்: "நான் இல்லாட்டி அப்பாவுக்கு வெளியில தலை குனிய வேண்டி வராது, அக்கா." குரலில் கோபமில்லை. கூட்டிக் கழித்து விடை கண்டவன் போலச் சொன்னான். அந்த அமைதிதான் என்னை அச்சப்படுத்தியது.

அம்மாவின் நிலை வேறு. முதல் வெள்ளிக்கிழமை நெருப்புப் பெட்டியை எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"நான் கும்பிட்டதாலதானே என்ர பிள்ளையின்ர வேலை போனது. இனி என்ன முகத்தோட ஏத்துவன்?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சாங்கத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். அன்றிலிருந்து வீட்டில் நால்வரும் நான்கு திசையில் இருந்தோம். ஆறரைக்கே அப்பா வேலைக்குப் போய்விடுவார். அம்மா சமைப்பார், கதிரையில் இருப்பார், ஜன்னலைப் பார்ப்பார்.

விளக்கு ஏற்றுவது அம்மாவின் கடமை. அதை நான் எடுத்துக்கொள்ளத் துணியவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் விளக்கைப் புளி போட்டு மினுக்கினேன். எண்ணெய் விட்டேன். திரி போட்டேன். ஏற்றாமல் விட்டேன். அடுத்த வெள்ளி பழைய எண்ணெயை வெளியே ஊற்றிவிட்டு மறுபடியும் அதையே செய்தேன். அது நம்பிக்கையினால் செய்தது என்று சொல்ல முடியாது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரார்த்தனையும் எனக்கு வரவில்லை. சொற்களோடு வாழ்பவள் நான்; ஒரு வரியைப் பத்து முறை திருத்தி எழுதுபவள். முருகன் படத்துக்கு முன்னால் நின்று நல்ல வாக்கியங்களாகத் தொடங்குவேன். இரண்டாவது வாக்கியத்தில் அது கட்டுரை போல இருக்கும், நிறுத்திவிடுவேன். கேட்பவன் இல்லாத அறையில் பேசுவது போன்ற உணர்வு. அந்த வெறுமையை உங்களில் யாராவது அறிந்திருப்பீர்கள். அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேசன் அந்தச் சப்பாத்தைக் குப்பை வாளிக்குள் போட்டான். நான் அதை எடுத்துத் துடைத்து மீண்டும் பின்கதவடியில் வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். நான் அப்படியே குசினித் தரையில் இருந்தேன். படத்தைப் பார்க்கவுமில்லை. "முருகா, தம்பியை எழுப்பு" என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது; வாசற்படியில் அம்மா நின்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழு மணிக்கு அம்மா குளித்து, கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையோடு என் அறைக்கு வந்தார்.

"பிள்ளை, வெளிக்கிடு. எனக்கு உன்ர இங்கிலீஷ் வேணும்."

"எங்க அம்மா?"

"அந்தப் பட்டறைக்கு. எட்டு மணிக்குத்தானே வரச்சொன்னவை."

ராகுகாலம் என்று நினைத்தபடியே உடுப்பு மாற்றினேன். ஏழரைக்கு, அந்த வேளை தொடங்கும்போதே, படியிறங்கினோம்.

பட்டறைக்குள் இருந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. காதில் பென்சில் செருகிய போர்மன் எங்களைப் பார்த்து, வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தம்பியின் பெயரைச் சொன்னேன். அம்மா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் நல்ல காரியம் தொடங்க ஆகாது. திங்கட்கிழமையில் அது காலை ஏழரை முதல் ஒன்பது வரை. அன்று அவனைப் பிந்த வைத்தது இந்தத் தாய்தான், அவனுடைய சோம்பல் அல்ல.

போர்மன் யோசித்தார். "திங்கட்கிழமை காலை ஆகாத நேரம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு பெயர் இருப்பது இன்றுதான் தெரியும்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அம்மா. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப நேரம் என்னவெண்டு கேள்."

எட்டு மணி கடந்து சில நிமிடங்கள் என்றார் போர்மன்.

"அந்த நேரத்துக்குள்ளதான் நான் வந்து நிக்கிறன் எண்டு சொல்லு."

சொன்னேன். போர்மனின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிற்று. எடுத்த பையன் நன்றாக வேலை செய்கிறான், அவனை நிறுத்த முடியாது என்றார்.

"மற்றவளின்ர பிள்ளையை நிப்பாட்டச் சொல்லி நான் வரேல்ல" என்றார் அம்மா. "என்ர பிள்ளை பிந்திற ஆள் இல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான். வா பிள்ளை, போவம்."

நாங்கள் வாசல் வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து போர்மன் கூப்பிட்டார். "நாலு தரம் வந்து கேட்ட பையன்தானே அவன்?" என்று கேட்டுவிட்டு அலுவலக அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொலைபேசியில் பேசுவது தெரிந்தது. அடுத்த தெருவில், பழுதான மின்மோட்டார்களின் செப்புக் கம்பியைக் கழற்றிப் புதிதாகச் சுற்றும் சிறிய பட்டறை ஒன்று. அங்கே சேர்ந்த அப்பிரண்டிஸ் முந்தின வெள்ளிக்கிழமைதான் விட்டுப் போயிருந்தான்.

"நாளைக்குக் காலை ஏழு மணி," என்றார் போர்மன். பிறகு, "செவ்வாய்க்கிழமையில் அந்த நேரம் எப்போது?" என்று கேட்டார்.

"பின்னேரம் மூண்டு தொடக்கம் நாலரை" என்றார் அம்மா.

"அது வீட்டுக்குப் போகிற நேரம். பரவாயில்லை."

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேசனின் கட்டிலருகே நின்றார். "ராசா, எழும்பு. நாளைக்கு ஏழு மணிக்கு" என்றார். அவன் நம்பவில்லை. எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டான். நான் சொன்னேன். அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அம்மா குசினிக்குப் போய், நான் வெள்ளிக்கிழமை எண்ணெய் விட்டு வைத்திருந்த விளக்கை ஏற்றினார்.

இதைத் தற்செயல் என்று சொல்பவரோடு நான் வாதிடமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். தம்பியை எழுப்பு என்று கேட்டேன். முருகன் முதலில் அம்மாவை எழுப்பினான். என்னைக் கடைசி வரிசையிலிருந்து எழுப்பிப் பேச வைத்தான். நாங்கள் அஞ்சி ஒதுக்கிய நேரத்துக்குள்ளேயே பதிலை வைத்திருந்தான். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நேசன் பல மாதங்கள் அதிகம் பேசவில்லை. அந்த இருள் இடையிடையே இன்னும் வந்து போகிறது. ஆனால் இப்போது மூன்றாவது வருடம். கைவிரல்களில் செப்புக் கம்பி கீறிய வடுக்களோடு வருகிறான். காலையில் அவனுக்குத் தேநீர் போடுபவர் அப்பா.

அம்மா பஞ்சாங்கத்தை விடவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஏழரைக்கு ஒரு விளக்கு ஏற்றுகிறார், அந்த நேரத்தில் வேலையில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக.

அன்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். உங்களுக்கும் சொற்கள் வராமல் இருக்கலாம். நம்பிக்கை வந்த பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். விளக்கை மினுக்கி, எண்ணெய் விட்டு, திரியைப் போட்டு வையுங்கள். ஏற்றும் கை எப்போது எழும் என்பதை முருகன் அறிவான்.