சிலுவைக்குப் போர்வை

வெர்லின் ஏணியில் நின்று சிலுவைக்குப் போர்வை போர்த்துகிறார். ரோஜாப்பூ போட்ட பழைய கட்டில் விரிப்பு. வாயில் இரண்டு துணிக்கிளிப். கடைசிக் கிளிப்பை மாட்டியதும் வழக்கமான சமாதானம்: "ஒரே ஒரு நாள் கண்ண மூடிக்குங்க ஆண்டவரே. உங்களப் பார்த்தா கவர்மெண்டுக்குக் கூச்சமா இருக்காம்."

ஆற்று வெள்ளம் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தைக் கொண்டுபோனதிலிருந்து, செவ்வாய்தோறும் உணவு மானிய விண்ணப்பங்களை எங்கள் பாப்டிஸ்ட் சபைக் கூடத்தில்தான் வாங்குகிறார்கள். அரசு வேலை நடக்கிற இடத்தில் மதச் சின்னம் தெரியக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. கென்டக்கியின் இந்த மலையூரில் அதை மதிப்பவர் யாருமில்லை. நிறைவேற்றுபவர் ஒருவர் உண்டு: சபையைக் கூட்டித் துடைக்கும் வெர்லின். பைபிள்களைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வரிசையில் நிற்பவர்களிடம் வருவார். "என்ன டெல்மர், வீட்ல ரெண்டு வேட்டைத் துப்பாக்கி இருக்கு, சோத்துக்கு இங்க வந்து நிக்கிற?" டெல்மர் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொள்வார்.

இந்தக் குளிர்காலத்தில் சபை வெர்லினுடைய வேலையையும் சம்பளத்தையும் பாதியாகக் குறைத்தது. "சின்சினாட்டியில இருக்கிற மகன் அனுப்புறான், எனக்கென்ன குறை?" என்று எல்லோரிடமும் சொன்னார். மகன் கிறிஸ்துமஸுக்குக்கூடப் போன் செய்வதில்லை.

போன செவ்வாய் போர்வையைப் போர்த்தினார், நாற்காலிகளைப் போட்டார், கதவைத் திறந்துவிட்டார். பிறகு வெளியே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் நான். (நான் எதற்கு நின்றேன் என்பது இந்தப் பத்திக்குத் தேவையில்லாத விஷயம்.) யாரும் கிண்டல் செய்யவில்லை. டெல்மர் மட்டும் நகர்ந்து இடம் விட்டார்: "காத்து அடிக்குது, இப்படி உள்ள தள்ளி நில்லுங்க." அதற்கு வெர்லினின் காது சிவந்தது.

விண்ணப்பம் வாங்கும் மேசையில் டார்லா. ஞாயிறன்று சபையில் ஜெப விண்ணப்பங்களை வாசிப்பவரும் அவர்தான். யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் சண்டை, எல்லாம் ஒலிபெருக்கியில் ஆண்டவருக்குத் தெரிவிக்கப்படும். ஆண்டவரோடு சேர்ந்து ஊரும் கேட்டுக்கொள்ளும்.

"மகன் ஏதாவது அனுப்புறாரா, பிரதர்?"

வெர்லின் தரையைப் பார்த்தார். அவரே துடைத்த தரை. "இல்ல."

டார்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லலையே! ஞாயித்துக்கிழம உங்க பேர வாசிக்கிறேன். சபையே முழங்கால்ல நின்னு ஜெபிக்கும்."

"வேணாம் சிஸ்டர்... மேடம். இன்னைக்கு இது கவர்மெண்ட் ஆபீஸ். இங்க சொன்னது இங்கயே இருக்கட்டும்."

"ஜெபத்துல என்ன வெட்கம்? சரி, இப்பவே ஒரு நிமிஷம்..." கண்களை மூடிக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார். வரிசையில் தொப்பிகள் கழன்றன.

வெர்லின் பாதி நிரம்பிய விண்ணப்பத்தின் மேல் கிடந்த பேனாவை எடுத்து, நீட்டிய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.