கேட் விழுந்து பதினோரு நாள்

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைக் கார் இடித்துத் தள்ளியது ஒரு சனிக்கிழமை மதியம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முதலில் டமாரென்று ஒரு சத்தம், அடுத்து செங்கல் சரிகிற சத்தம். கஞ்சி காலில் கொட்டியதுகூட உறைக்கவில்லை, வாசலுக்கு ஓடினேன். கார் எது, கேட் எது என்று எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் எங்கே என்றுதான் தேடினேன். அவர் வேப்பமரத்தடியில் நின்று, யாரோ வீட்டில் நடந்ததைப் போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாக இருந்தார்.

வெள்ளைக் கார் பின்னோக்கி உருவிக்கொண்டு, திரும்பி, சமயநல்லூர்ப் பக்கம் போயே போய்விட்டது. முன்பக்க நம்பர் பிளேட் மட்டும் செங்கல் குவியலில் கிடந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பி அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இடிச்சவன் கையெழுத்தும் போட்டுட்டுப் போயிருக்கான். இனிமே எங்கிட்டு ஓடுவான்?"

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பரே கையில் இருக்கிறது. இரண்டு நாளில் ஆளைப் பிடித்துவிடுவார்கள், நாலாம் நாள் கேட் நிற்கும். ஆனையூரில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன், ஆனால் அதுவரை போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. அதனால் வந்த தைரியம்.

அந்தக் கேட் எங்களுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதே பள்ளிக்கூடத்து ஆபீசில் நான் கிளார்க். ரிட்டயர் ஆன நாலாம் வருஷம் அவருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியது. முதலில் சாவி, அப்புறம் பெயர்கள், அப்புறம் நான். ஒரு நாள் என்னை டீச்சர் என்பார், மறுநாள் வீட்டுக்கார அம்மா என்று நினைத்து வாடகையைப் பற்றிப் பேசுவார். கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. பெல் அடித்துவிட்டது, முதல் பீரியடு எனக்கு என்று கிளம்பிவிடுவார். ஒரு தடவை வீட்டுக் கதவைப் பூட்டி வைத்தேன். உள்ளங்கை வீங்கிச் சிவக்கும்வரை கதவை அடித்தார். திறந்ததும் என்னைப் பார்த்து, "நான் என்னங்க தப்புப் பண்ணேன்?" என்றார். அதற்குப் பிறகு நான் கதவைப் பூட்டவில்லை.

கேட்டுக்கு மட்டும் வெளிப்பக்கமாகக் கொண்டி வைத்தோம். வேப்பமரத்திலிருந்து கேட் வரை நடப்பார், கேட்டைத் தொடுவார், திரும்புவார். அதிலேயே பள்ளிக்கூடம் போய் வந்த நிம்மதி அவருக்குக் கிடைத்துவிடும். கேட்டுக்கு வெளியே இருபதடியில் லாரி பறக்கிற ரோடு. நான் குளிப்பது, சமைப்பது, கண்ணயர்வது எல்லாமே அந்தக் கேட் போட்ட பிச்சை.

அன்று சாயங்காலம் பைக்கில் ஓர் ஏட்டையா வந்தார். தூண் விழுந்ததைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "எதையும் தொடாதீங்கம்மா. எஸ்.ஐ. வந்து ஸ்பாட்டைப் பாக்கணும், போட்டோ எடுக்கணும். இருக்கது இருக்க மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

"எப்ப வருவாங்க சார்?"

"நாளைக்கு வாரோம்."

வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் முப்பது வருஷம் ஃபைல் கட்டியவள். மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வந்தாலும் உத்தரவு உத்தரவுதான் என்று பழகியவள். செங்கல் குவியலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். நம்பர் பிளேட் மேல் பழைய மழைக்கோட்டை விரித்துக் கல் வைத்தேன். ஆட்டோக்காரத் தம்பி, "அக்கா, கேட்டை மட்டும் கயிறு கட்டித் தூக்கி நிப்பாட்டிருவமா?" என்று கேட்டார். தொட்டால் கேஸ் நிற்காது என்று நான்தான் தடுத்தேன். இதை எழுதும்போதுகூட என் புத்தியை என்ன சொல்லித் திட்டுவதென்று தெரியவில்லை.

மறுநாள் ஆராதனைக்குப் போகாமல் வாசலில் காத்திருந்தேன். ஜீப் வரவில்லை. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். அவரை யாரிடம் விட்டுப் போவது? கேட்டில்லாத வீட்டில் விட முடியாது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிறவரை ரைட்டர் என்கிறார்கள். அவர் என் மனுவை வாசித்தார். நாலு பத்தி, பிழையில்லாமல், இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதியிருந்தேன். "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கேம்மா" என்று பாராட்டினார். அத்தோடு அதை ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார். "சித்திரைத் திருவிழாம்மா. எல்லாரும் பந்தோபஸ்துல நிக்கிறாங்க. அழகர் மலைக்குத் திரும்பட்டும், வாரோம்."

அழகர் ஆற்றில் இறங்கினார், ஊரே பார்த்தது, மலைக்கும் திரும்பினார். ஜீப்தான் எங்கள் தெருவுக்கு வந்தபாடில்லை. அடுத்து யாரோ மந்திரி வந்தார். அதற்கடுத்து, வண்டி சம்பந்தப்பட்டது என்பதால் போக்குவரத்துப் பிரிவில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், யாருக்கும் அடிபடவில்லையே, இது உங்கள் ஏரியா ஸ்டேஷன் பார்க்க வேண்டியது என்றார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் வைத்த அடிக்கு மதுரையில் இருக்கிற அம்மியெல்லாம் மேலூர் தாண்டியிருக்கும். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து, "ஆன்லைன்ல கம்ப்ளெயிண்ட் குடும்மா" என்றாள். அதையும் கொடுத்தேன். உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று மெசேஜ் வந்தது. அந்த வாக்கியத்தை ஆயிரம் பேருக்கு என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

பள்ளிக்கூட ஆபீசுக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கும். டி.சி. கேட்டு, சாதிச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டு, வேலையை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு நான் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த நாட்களில் அந்தப் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

அவருக்கோ ஸ்டேஷன் பிடித்துவிட்டது. மேலே ஃபேன் சுற்றியது, ஆட்கள் தாளும் கையுமாக வந்து போனார்கள், எங்கோ ஒரு மணி அடித்தது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவரைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எழுந்து எழுந்து போய் மேஜையில் கேட்பேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துவார். "கூப்பிடுவாங்கம்மா. நம்ம முறை வரணும்ல?"

வீட்டில் நான் அவரை விட்டு நகரவில்லை. கேட் இருந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் குறுக்கே கயிறு கட்டினேன். அவர் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போனார். ரோட்டு ஓரத்தில் பிடித்தேன், ஒரு மணல் லாரி எங்கள் இருவர் மீதும் புழுதியை இறைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து என் பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டேன். என்னோடு ஐம்பது ரூபாய்க்குச் சண்டை போட்டு சைக்கிள் வாங்கிய மனுஷர், ஒரு பள்ளிக்கூடமே எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனுஷர். அவரைக் கட்டி வைத்திருக்கிறேன். அடுப்படியில் நின்று அழுதேன். நான் நகர்ந்தால் அவர் கை ஆடும், அவர் நகர்ந்தால் என் கரண்டி ஆடும்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். எஸ்.ஐ. இன்றைக்காவது வருவாரா என்று கேட்க ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். சிக்னல் கிடைக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். "லைன்ல இருங்கம்மா" என்றார்கள். இருந்தேன். ஐந்து நிமிஷம் இருந்தேன். பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்பி வந்தால் நாற்காலி காலி, சேலைத் துண்டு அதன் கைப்பிடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஆட்டோக்காரத் தம்பி வண்டியை எடுத்தார். சமயநல்லூர் ரோட்டில் பாலம் வரை போனோம். கண்மாய்க் கரையில் இறங்கிப் பார்த்தோம். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் வாட்ச்மேனிடம் கேட்டோம். ஒவ்வொரு லாரி பிரேக் போடும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கர்த்தரே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. ஒரு மணிக்கு ரோட்டில் நின்றே ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எடுத்தது ரைட்டர்தான், குரல் தெரிந்தது.

"சார், வீட்டுக்காரரைக் காணோம். ஞாபகம் இல்லாதவர். காலையில இருந்து தேடுறேன்."

"காணாமப் போனவரைப் பத்தின்னா நேர்ல வந்து மனு குடுக்கணும்மா. போட்டோ ஒண்ணு கொண்டாங்க."

போட்டோ எடுக்க வீட்டுக்குப் போனேன். அதற்குள் வந்திருப்பாரோ என்று ஒரு ஆசை. வரவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவை எடுத்துக்கொண்டு, தெருவில் இன்னொரு சுற்று தேடிவிட்டு, ஸ்டேஷன் படி ஏறும்போது மணி மூன்றாகியிருந்தது.

அவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

முதுகு நிமிர்ந்திருந்தது. வேஷ்டி முழுக்கச் செங்கல் புழுதி. தொடை மீது அந்த நம்பர் பிளேட், அதன்மேல் இரண்டு கையும் பத்திரமாக. உதடு வறண்டு வெடித்திருந்தது. பதினொன்றரைக்கே நடந்து வந்துவிட்டார் என்று வாசல் காவலர் சொன்னார். யாரும் எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு வாரமாக வருகிற ஆள்தானே. "உக்காருங்க சார், கூப்பிடுவாங்க" என்றிருக்கிறார்கள். மூன்றரை மணி நேரம், ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு மணிக்கு அழுதுகொண்டே பேசிய போன், அந்தப் பெஞ்சிலிருந்து ஆறடி தூரத்து மேஜையில் இருக்கிறது.

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். என் கையிலிருந்த போட்டோவையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. அதை மறைக்கத்தானோ என்னவோ, நம்பர் பிளேட்டைக் காட்டினார்.

"இதை ஏம்மா எடுத்தாந்தாரு? ஸ்பாட்லயில்ல இருக்கணும்?"

எனக்கு வாழ்நாளில் அப்படிக் கோபம் வந்ததில்லை. மேஜையைப் புரட்ட வேண்டும் போலிருந்தது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னை அன்றைக்கு அடையாளம் கண்டுகொண்டார். என் பெயரைச் சொன்னார், இரண்டு வருஷத்துக்குப் பிறகு. "வந்துட்டியா? இன்னும் நம்மளக் கூப்பிடல" என்றார்.

மறுநாள் காலையில் கொத்தனாரை வரச்சொல்லித் தூணைக் கட்டினேன். மூன்று நாள் கழித்து எஸ்.ஐ. ஜீப்பில் வந்தார். ஈரம் காயாத சிமெண்டை விரலால் தொட்டுப் பார்த்து, "ஸ்பாட்டே இல்லையேம்மா, எதைப் போட்டோ எடுக்குறது?" என்றார். மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நாலு வரி, பிழையில்லாமல், இடப்பக்கம் ஓரம் விட்டு.

கேட் இப்போது நன்றாகத்தான் நிற்கிறது. கொண்டியும் விழுகிறது. ஆனால் அவர் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவதில்லை. கம்பியைப் பிடித்து உலுக்குகிறார். "ஸ்டேஷனுக்கு நேரமாச்சு, நம்மளக் கூப்பிட்டுருவாங்க, திறங்க" என்று கெஞ்சுகிறார். பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டார். முப்பது வருஷம் போன இடம் போய்விட்டது, ஒரு வாரம் போன இடம் தங்கிவிட்டது.

கேஸ் முடிந்துவிட்டது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் ஒரு பெஞ்சு வாங்கிக் கேட்டுக்கு உள்பக்கம் போட்டேன். அவர் கம்பியை உலுக்கத் தொடங்கும்போது போய்த் தோளைத் தொடுகிறேன். பள்ளிக்கூட ஆபீசில் எந்தக் குரலில் சொல்வேனோ அதே குரலில் சொல்கிறேன்.

"உக்காருங்க சார், கூப்பிடுவாங்க."

உடனே உட்கார்ந்துவிடுகிறார்.