கணக்கப்பிள்ளையின் கால்

நாற்பத்தொன்பது வயதில் ஜியு-ஜிட்சு பழகப் போனதற்கு நான் வெளியில் சொன்ன காரணம் முதுகுவலி. உண்மைக் காரணம் வேறு. பதுளை பஜாரில் என் தையல்கடைக்கு எதிரே, இரும்புக்கடை மாடியில், ஞாயிறுதோறும் ஆட்கள் தடால் தடால் என்று விழும் சத்தம் கேட்கும். இருபது வருடமாகக் குனிந்தே தைத்த எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஒரே பொறாமை.

அது பிரேசில் நாட்டு மல்யுத்தம். குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. கட்டிப் புரண்டு மடக்க வேண்டும். மாஸ்டர் ஒரு சிங்களவர், வளைகுடாவில் காவலாளியாக இருந்தபோது கற்றுக்கொண்டவர். அதற்கென்று ஒரு தடித்த சட்டை வேண்டும் என்றார். கடையில் மிஞ்சிக் கிடந்த கூடாரத் துணியில் நானே தைத்துக்கொண்டேன். நடந்தால் சரசரக்கும்.

பிடியில் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் கையால் தட்ட வேண்டும். 'தோற்றுவிட்டேன், விடு' என்று அர்த்தம். தட்டியதும் மற்றவர் விட்டுவிட வேண்டும். அங்கே முதல் சட்டம் இதுதான், என் குடியைக் கெடுத்ததும் இதுதான்.

நான் கொஸ்லந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், வளர்ந்தவன். ஒரு காம்பராவில் ஏழு பேர் படுத்தால் கால் யார் மேலாவது படத்தான் செய்யும். பட்டால் உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அம்மாவின் கை முதுகில் விழும். அந்தப் பழக்கம் பயிற்சி மெத்தைக்கும் கூடவே வந்துவிட்டது. என் கால் ஒருவர் தோளில் படும். என் கை என்னைக் கேட்காமலே போய் அவரைத் தொடும். "அங்கிள் தட்டிட்டாரு" என்று அவர் விட்டுவிடுவார்.

"ஐயா, நல்லா புடிச்சீங்கதானே? ஏன் தட்டுறது?" என்றார் மாஸ்டர்.

"கால் பட்டுருச்சு மாஸ்டர்."

"இந்த வெளையாட்டுல கால் படாம எப்படி ஐயா?"

மூன்று மாதம் போனது. ஒரு வெற்றிகூட இல்லை. முதுகுக்குத் தைலம் தேய்த்தபடி மனைவி சொன்னாள்: "தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. தீபாவளிக்குள்ள ஒருத்தரையாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி அந்தக் கூடாரத்த வெட்டி வாசலுக்கு மிதியடி தச்சிருவேன்." சொன்னால் செய்கிறவள். கத்தரிக்கோலும் அவள் கையில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அறுபத்திரண்டு வயது, முழங்கால் பிடிப்பாம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் மலைக்கு மலை நின்று வேலை வாங்கிய கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் அவர் தலை தெரிந்தாலே ஆண்கள் தலைத்துண்டைக் கழற்றுவார்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள், அம்மா பறித்த கொழுந்தில் முத்தல் இலை இருக்கிறதென்று கூடையைக் காலால் எத்திவிட்டார். அம்மா முட்டி போட்டு அள்ளினாள், நானும் அள்ளினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். "அடடே, நானும் அங்க இருந்திருக்கேன். நல்ல சனம்" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். அந்த 'ஐயா' தானாக வாயில் வந்ததற்கு வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மனுஷன் படு கெட்டிக்காரர். இரண்டாவது வாரமே என் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். நான் பிடியை இறுக்கும் சமயம் பார்த்து, தன் தோளைக் கொண்டுவந்து என் காலுக்கு அடியில் வைப்பார். என் கை போய்த் தொடும். "தம்பி தட்டிட்டாரு மாஸ்டர்" என்று எழுந்து பெல்ட்டைச் சரிசெய்வார். மூன்று வாரம் இதே கூத்து.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மனைவியும் வந்தாள். சுவரோரம் பெஞ்சில், மடியில் கைப்பையோடு, தீர்ப்புச் சொல்ல வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள். எனக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஜோடி போட்டார் மாஸ்டர். செத்தாலும் விடுவதில்லை என்று அவர் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். வழக்கம்போல் தோளைக் கொண்டுவந்தார். என் கால் பட்டது. கை துடித்தது. விடவில்லை. கை வராததைக் கண்டு அவர் பதறிப்போய்ப் புரண்டார். அந்தப் புரளலில் அவர் குதிகால் என் வாயில் பட்டது.

அடுத்த நொடி அவர் கை நீண்டு வந்து என் நெஞ்சைத் தொட்டது. பிறகு அவர் கண்ணுக்குப் போனது.

"பெரிய ஐயா தட்டிட்டார். முடிஞ்சது" என்றார் மாஸ்டர். பெஞ்சில் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"அது தட்டுனது இல்ல மாஸ்டர்" என்று கணக்கப்பிள்ளை மல்லுக்கு நின்றார். "கால் பட்டுச்சு, மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவுதான்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. தட்டினாரா, மன்னிப்பா?"

தட்டினார் என்றால் வெற்றி எனக்கு. கூடாரமும் தப்பிக்கும். உதட்டில் ரத்தம் கரித்தது.

"மன்னிப்புத்தான் மாஸ்டர்" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எங்கம்மா கூடைக்கும் சேர்த்தே எடுத்துக்கிறேங்க" என்றேன்.

"எந்தக் கூடை?" என்று கேட்டார். மெத்தையில் உட்கார்ந்தபடியே முழுதும் சொன்னேன். அவர் குனிந்து, சரியாகத்தான் இருந்த பெல்ட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் சொல்லி முடித்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ் நிலையம் வரைக்கும் மனைவி என்னை ஒட்டியே நடந்து வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கூடைக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் அவள்.

"இன்னைக்கும் ஜெயிக்கலயே" என்றேன்.

"வீட்டுக்குப் போனதும் சட்டையக் கழட்டிக் குடுங்க" என்றாள். "ரத்தம் பட்டிருக்கு, அலசிப் போடணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேணும்ல."